பழைய காலின்ஸ் மச்செட்டி: முத்திரையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்

காலின்ஸ் மச்செட்டி என்ற புதர் வெட்டும் நீளக் கத்தியில், பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் துருவைத் துடைத்தால் முதலில் ஒரு கிரீடம் தெரியும். கிரீடத்துக்குள்ளிருந்து மடங்கிய கை ஒன்று எழும்பி நிற்கும், அந்தக் கையில் ஒரு சுத்தியல். பக்கத்தில் ‘காலின்ஸ் அண்ட் கோ’, ‘லெஜிடிமஸ்’ என்ற எழுத்துகள். அமெரிக்க ராணுவத்துக்குப் போன சரக்கு என்றால் ‘யு.எஸ்.’ என்ற குறியும், பெரும்பாலும் 1942 முதல் 1945 வரையிலான ஓர் ஆண்டும் இருக்கும். புதர் வெட்டுவதற்கென்று அமெரிக்காவில் செய்த கத்திகளில் இந்த முத்திரைக்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இருந்ததில்லை. அதிகமாகப் போலி செய்யப்பட்டதும் இதுதான்.

இங்கே பார்க்கப்போவது அதில் ஒரே ஒரு வகை: இரண்டாம் உலகப் போருக்காக வந்த, 18 அங்குல அலகு கொண்ட எம்-1942 மச்செட்டி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலகில் விரிசல் இல்லாமல், பிடி ஆடாமல் கிடைத்தால் வாங்கலாம். இன்றைக்கும் நாள் முழுக்க வேலை செய்யும். ‘போர்க்கால அசல்’ என்ற ஒரே காரணத்துக்காக விலையை இரண்டு மூன்று மடங்கு ஏற்றிச் சொன்னால், கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை பணத்தை எடுக்க வேண்டாம்.

ஹார்ட்ஃபோர்ட் என்று இருக்கும், ஆனால் ஊர் அதுவல்ல

காலின்ஸ் நிறுவனம் தொடங்கியது 1826-இல். சாமுவேல் காலின்ஸ், டேவிட் காலின்ஸ் என்ற சகோதரர்கள், உறவினர் வில்லியம் வெல்ஸ் ஆகிய மூவரும் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் கோடரிப் பட்டறை போட்டார்கள். அதுவரை அமெரிக்காவில் கோடரி வாங்கினால் வாய் தீட்டாமல்தான் வரும். வாங்கியவரே சாணைக்கல்லில் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். காலின்ஸ் கோடரி தீட்டியே கடைக்கு வந்தது. பெயர் பரவ அது போதுமானதாக இருந்தது. 1832-இல் வந்துசேர்ந்த எலிஷா ரூட் என்ற இயந்திர வல்லுநர், கொல்லர் கையால் அடித்துவந்ததை அச்சும் இயந்திரமும் செய்யும்படி மாற்றினார். 1849-இல் அவர் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கே காலின்ஸ்வில் என்று பெயர்.

மச்செட்டி செய்யத் தொடங்கியது 1845-இல். லத்தீன் அமெரிக்கக் கரும்புத் தோட்டம், காப்பித் தோட்டம், காடு என்று ஒவ்வொரு வட்டாரமும் தனக்குப் பழகிய வடிவத்தைக் கேட்டது. ஓரிடத்தில் முனை அகலம், ஓரிடத்தில் நேர் முதுகு, ஓரிடத்தில் கொக்கி. கேட்டதையெல்லாம் எண் போட்டுச் செய்து கொடுத்தார்கள். அப்படி நூற்றுக்கணக்கான வடிவங்கள் சேர்ந்தன. முத்திரைக்குக் கீழே உள்ள ‘நம்பர்’ அந்த வடிவத்தின் எண். அதை ஆண்டு என்றோ வரிசை எண் என்றோ விற்பவர் சொன்னால், அவருக்குப் பொருள் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஊர்ப்பெயர் குழப்பம் தனி. தொழிற்சாலை இருந்தது காலின்ஸ்வில்லில், முத்திரையில் அடித்ததோ ‘ஹார்ட்ஃபோர்ட்’. சரக்கு விற்பனைக்குப் போனது சுமார் 15 மைல் தள்ளியிருந்த அந்தப் பெரிய ஊர் வழியாகத்தான். பிற்பாடு நிறுவனத்தின் சட்டப்பெயர் ‘காலின்ஸ் கம்பெனி’ என்று மாறிய பிறகும் இரும்பில் ‘காலின்ஸ் அண்ட் கோ’ என்றே அடித்தார்கள். வாங்குபவர் கண்ணுக்குப் பழகிய எழுத்தை யாரும் மாற்றத் துணியவில்லை. ஆகவே ‘அண்ட் கோ’ என்று இருப்பதை வைத்து, பெயர் மாறுவதற்கு முந்தைய கத்தி என்று முடிவு கட்ட முடியாது.

போலிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. இங்கிலாந்தில் வேறு ஆட்கள் ‘காலின்ஸ் அண்ட் கோ, ஹார்ட்ஃபோர்ட்’ என்று அடித்து விற்றார்கள். காலின்ஸ் நிறுவனம் லண்டனுக்கே போய் வழக்குப் போட்டது. 1857-இல் வந்த ‘காலின்ஸ் கம்பெனி எதிர் பிரவுன்’ தீர்ப்பு வணிகமுத்திரைச் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பழக்கமானது. வெளிநாட்டு உற்பத்தியாளர் இங்கிலாந்தில் சரக்கு விற்காவிட்டாலும், அவர் முத்திரையைத் திருடி ஏமாற்றுபவரை இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடுக்கலாம் என்பது அதன் சாரம். ‘லெஜிடிமஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘முறையானது, அசல்’ என்று பொருள். போலிகளுக்கு நடுவே தன் சரக்கு இது என்று காட்ட வைத்துக்கொண்ட சொல் அது. பிறகு அந்தச் சொல்லையும் சேர்த்தே திருடினார்கள் என்பது வேறு கதை.

1955 ஆகஸ்டில் புயல்மழையால் வந்த வெள்ளம் காலின்ஸ்வில்லை அடித்துப்போட்டது. ரயில் பாதையும் போனது. 1966-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் முத்திரை அதோடு சாகவில்லை. மெக்சிகோ, கொலம்பியா, குவாத்தமாலா போன்ற இடங்களில் காலின்ஸ் பெயரில் மச்செட்டிகள் தொடர்ந்து வந்தன. அவை போலி அல்ல, வேலைக்கும் மோசமல்ல. ஆனால் 1943-இல் பசிபிக் தீவுக்குப் போன கத்தி என்று அதை விற்பது ஏமாற்று.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

முத்திரையைப் படிக்கக் கம்பி பிரஷ் போட்ட டிரில்லை எடுக்காதீர்கள். முத்திரையின் ஆழம் கால் மில்லிமீட்டர்கூட இராது. ஒரு நிமிடத்தில் வரலாறு தூளாகிப் பறந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சை அலகோடு அலகாகப் படுக்கவைத்து அடியுங்கள். மேலேயிருந்து பார்த்தால் தெரியாத எழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழும்பி வரும். அப்போதும் மங்கலாக இருந்தால் மெல்லிய காகிதத்தை ஒட்டிவைத்து 4பி பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். குழி வெள்ளையாக நிற்கும். விற்பவர் தொலைவில் இருந்தால் இந்த இரண்டையும் படமாகக் கேளுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

ராணுவ 18 அங்குலக் கத்தியைக் காலின்ஸ் மட்டும் செய்யவில்லை. ‘ட்ரூ டெம்பர்’, ‘ஒன்டாரியோ’ போன்ற பெயர்களும் வரும். அவையும் போர்க்காலச் சரக்குதான். பெயர் காலின்ஸ் இல்லை என்பதால் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. வேலைக்கு வாங்குபவருக்கு இது லாபம்: அதே அளவு, அதே வேலை, சேகரிப்பாளர் போட்டி குறைவு.

ஆண்டு தெளிவாக அடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து கண் போக வேண்டியது எழுத்தின் விளிம்புக்கு. பழைய முத்திரையின் குழிக்குள்ளும் வெளியேயும் துருவின் நிறம் ஒன்றாகவே இருக்கும். குழிக்குள் பளபளப்பு, வெளியே எண்பது வருடக் கறுப்பு என்றால், முத்திரை பிற்பாடு அடித்தது. அலகில் ஸ்பானிய மொழியில் ‘எச்சோ என் மெஹிக்கோ’ என்று இருந்தால் மெக்சிகோவில் செய்தது என்று அதுவே சொல்கிறது. அந்த வரியை மட்டும் அரத்தால் தேய்த்து அழித்திருப்பதும் உண்டு. முத்திரைக்கு அருகே அலகு பள்ளமாக, மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தால் அங்கே ஏதோ இருந்து போயிருக்கிறது. விரல் நகத்தை அலகின் மேல் இழுத்தாலே அந்தப் பள்ளம் தட்டுப்படும்.

உறையை வைத்து ஆண்டு சொல்பவர்கள் அதிகம். கான்வாஸ் உறையில் செய்தவர் பெயரும் ஆண்டும் மையால் அடித்திருக்கும். பின்னால் ராணுவ இடுப்புப் பட்டையின் ஓட்டைகளில் மாட்டுகிற கம்பிக் கொக்கி இருக்கும். அந்த ஆண்டு உறையின் ஆண்டு, அவ்வளவுதான். கிடங்கில் ஆயிரம் கத்தியும் ஆயிரம் உறையும் தனித்தனியாகக் கிடந்து, கைக்கு வந்ததை மாட்டிக் கொடுத்திருப்பார்கள். 1943 உறைக்குள் போருக்குப் பிந்தைய கத்தி இருப்பது சர்வசாதாரணம். கடினமான பிளாஸ்டிக் உறை, அதன் வாயில் தீட்டுக்கருவி பொருத்தியது என்றால் அது பிந்தைய காலத்து உறை.

காலின்ஸ் நம்பர் 18 என்றொரு குட்டிக் கத்தி உண்டு, அலகு ஒன்பதேகால் அங்குலம். 1942 ஆகஸ்டில் பசிபிக்கில் ஜப்பான் வசமிருந்த மாக்கின் தீவைத் தாக்கிய அமெரிக்க மெரின் ரெய்டர் அதிரடிப்படையினரோடு சேர்த்துப் பேசப்படுவது அதுதான். சேகரிப்பாளர் சந்தையில் அதற்கு இருக்கும் கிராக்கியே வேறு, போலிகளும் அதற்கேற்ப. புதர் வெட்ட வாங்குபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் விரிசல். பிடியில் உள்ள வார் ஓட்டையில் நூல் கோத்துத் தொங்கவிட்டு, அலகின் நடுவே மரக்கட்டையால் தட்டுங்கள். நல்ல அலகு மணிபோல் இழுத்து ஒலிக்கும். விரிசல் இருந்தால் ‘டப்’ என்று அடங்கும். பிடி ஆடினாலும் சத்தம் அடங்கும் என்பதால் பிடியை இறுக்கிப் பிடித்து இன்னொருமுறை அலகின் நுனியில் தட்டிப் பாருங்கள். விரிசல் விழும் இடங்கள் இரண்டு: அலகு பிடிக்குள் நுழையும் மூலை, முதல் ரிவிட் ஓட்டை. இந்த இரண்டில் எதில் விரிசல் இருந்தாலும் கத்தி சுவரில் மாட்டத்தான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் பதம் போய், அதற்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். உடைந்த அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, பிடிக்கும் இரும்புக்கும் இடையே உள்ள கோடு. வியர்வையும் மழையும் அந்த இடுக்கில் இறங்கி உள்ளே துரு வளர்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பிடியின் இருபுறமும் பொருத்திய தகடான பிடிச் சில்லை வெளியே தள்ளும். பிடியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டினால் ரிவிட்டுகளுக்கு நடுவே சில்லு வில்போல் வளைந்திருப்பது தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் பழுப்பு நிற ஈரம் கசியும். இந்த நிலையில் உள்ள கத்தியும் வாங்கத் தகுதிதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் பிடியைக் கழற்றாமல் மேலே பசை ஊற்றி அடைப்பது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதுபோல.

மூன்றாவது, வாய்ப்பகுதி. யாராவது மோட்டார் சாணையில் பிடித்திருந்தால் நீலம் அல்லது ஊதாத் திட்டு இருக்கும். நிறத்தைத் துடைத்து மறைத்திருந்தாலும் அரம் காட்டிக்கொடுத்துவிடும். வாயின் நீளம் முழுக்க, நாலு நாலு விரல் இடைவெளியில், அரத்தை ஒரே அழுத்தத்தில் ஒரு இழுப்பு இழுங்கள். மற்ற இடத்தில் ‘கர்’ரென்று கடித்துக்கொண்டு போகிற அரம், ஓரிடத்தில் மட்டும் ஈயத்தில் இறங்குவதுபோல் வழுக்கென்று ஆழமாக இறங்கினால் அங்கே பதம் போயிருக்கிறது. அந்தத் துண்டு ஒரு மணி நேர வேலைக்குள் மடங்கும்.

லேசான வளைவு குறையே அல்ல. மர அடிக்கட்டையின் பிளவில் செருகி, குளிர்ந்த நிலையிலேயே எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைத்துவிட்டால் நேராகும். முறுக்கு இருந்தால் அது எளிதில் போகாது, விட்டுவிடுங்கள்.

துரு எடுப்பதும் வாய் வைப்பதும்

மேல்துருவுக்கு எண்ணெயும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் போதும். கறுத்துப்போன படலத்தைச் சுரண்டாதீர்கள், அதுவே ஒரு காப்பு. செதிலாக எழும்பிய துருவுக்கு வினிகர். 3 அங்குல பிவிசி குழாயில் இரண்டடி வெட்டி, அடியில் மூடி ஒட்டி நிமிர்த்திவையுங்கள். சுமார் 2 லிட்டர் வினிகர் ஊற்றினால் அலகு முங்கும். அளவைப் பார்த்துக் குறைத்து ஊற்றுங்கள், முத்திரை திரவத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். பிடியோ ரிவிட்டோ நனையவே கூடாது. 6 மணி நேரத்தில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 6 மணி நேரம். நாள் கணக்கில் போட்டுவைத்தால் வினிகர் துருவை முடித்துவிட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் பூசுங்கள். கழுவாமல் விட்டால் பத்தே நிமிடத்தில் ஆரஞ்சு நிறத் துரு திரும்பி வரும்.

தீட்டுவதற்கு 10 அங்குல ஒற்றைவரி அரம் (பற்கள் ஒரே திசையில் மட்டும் ஓடுவது) ஒன்று போதும். அலகை மேசையில் கவ்வி, வாய்ச்சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் பூசிக்கொள்ளுங்கள். அரத்தை உங்களிடமிருந்து தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்ப வரும்போது தூக்கிவிட வேண்டும். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. கோணத்தைக் கண்ணளவில் சொல்வது கடினம், சரிவின் அகலத்தை அளப்பது எளிது. 3 மி.மீ. தடிமன் அலகில் இரு பக்கமும் சரிவு 4.4 மி.மீ. அகலம் வந்தால் பக்கத்துக்கு 20 பாகை. 3.5 மி.மீ. என்றால் 25 பாகை. நுனியிலிருந்து பாதிவரை 20-ம், பிடிப்பக்கப் பாதிக்கு 25-ம் வையுங்கள். புல்லும் பச்சைத்தண்டும் நுனியில் அறுபடும், கட்டை விழுவது நடுவிலும் பிடிப்பக்கமும். முழுக்க 20 வைத்தால் முதல் காய்ந்த கிளையிலேயே வாய் சுருளும். பிடிக்கு அடுத்த இரண்டு அங்குலத்தைத் தீட்டவே வேண்டாம். அங்கே வெட்டு விழுவதில்லை, விரல்தான் போகும்.

பிடி கழன்றிருந்தால் ரிவிட் தலையைத் துளையிட்டு எடுத்து, இரும்பைச் சுத்தம் செய்து, எபாக்சிப் பசை வைத்து, திருகு வகை ரிவிட்டால் இறுக்குங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள்மேல் சுத்தியலால் ரிவிட் தலையை விரித்தால், ஓட்டையிலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் ஓடும். பழைய பிளாஸ்டிக் அந்த அடியைத் தாங்காது. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒருநாள்.

வெட்டு எப்படி

எடை 600 கிராமை ஒட்டி இருக்கும். அரிவாள் பழகிய கைக்கு முதலில் ஏமாற்றமாகத் தோன்றும். அரிவாளில் முன்பாரம் வெட்டிக்கொடுக்கும், இதில் வீச்சின் வேகம்தான் வெட்ட வேண்டும். தோளிலிருந்து ஓங்காமல் முழங்கையில் தொடங்கி, கடைசியில் மணிக்கட்டை உதறினால்தான் அலகு பேசும். கட்டைவிரல் தடிமன்வரை உள்ள பச்சைத் தண்டு, 45 பாகைச் சாய்வில் ஒரே வெட்டு. கொடி, கோரை, நாணல், முள்ளுப்புதர் இவற்றில் இதற்கு இணை கிடையாது. உண்ணிச்செடிக்கு மிகப் பொருத்தம். அந்தச் செடியும் இந்தக் கத்தி அதிகம் போன அதே அமெரிக்க வெப்ப நிலங்களிலிருந்து வந்ததுதானே. சீமைக்கருவேலமும் அந்தப் பக்கத்து மரம்தான், ஆனால் முற்றிய கட்டையில் இந்த மெல்லிய அலகு கவ்விக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதில்தான் பிடியின் ரிவிட் தளர்கிறது. அதற்கு அரிவாளோ ரம்பமோ எடுங்கள்.

லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் மறுகையில் கொக்கிக் குச்சி ஒன்று வைத்திருப்பார்கள், பெயர் ‘கராபாட்டோ’. புதரை அதனால் இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு அடியில் வெட்டுவார்கள். கை அலகின் பாதைக்குள் போகாது, தளர்ந்த தண்டு வளைந்து நழுவவும் செய்யாது. முக்கால் கஜக் கிளை ஒன்றைக் கவட்டையோடு வெட்டினால் கராபாட்டோ தயார். தண்டைத் தரையோடு தரையாக வெட்டுங்கள். முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டிவிட்டுப் போனால் ஈட்டி நட்டதுபோல்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் பத்தடி விலகி நிற்கச் சொல்லுங்கள்.

பிடி ஒரு குறை. தட்டையாகச் சதுர விளிம்போடு இருப்பதால் ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வரும். சேகரிப்புக்கு இல்லை என்றால் விளிம்பைச் சற்று உருட்டிவிடலாம். ஆண்டும் முத்திரையும் தெளிவாக உள்ள கத்தியில் அதைச் செய்யாமல் கையுறை போட்டுக்கொள்வது மேல்.

புதியது வாங்கலாமா

இதே 18 அங்குல ராணுவ வடிவத்தை ஒன்டாரியோ ‘1-18’ என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்றது. 1095 கார்பன் எஃகு, கால் அங்குலத்தில் பாதித் தடிமன். அந்நிறுவனத்தின் பெயர் 2023-இல் கைமாறியது, நியூயார்க் மாநிலம் ஃபிராங்க்ளின்வில்லில் இருந்த ஆலையும் மூடப்பட்டது. வரலாறு வேண்டாம், கத்தி வேண்டும் என்பவருக்கு அதுவோ லத்தீன் அமெரிக்கத் தயாரிப்போ போதும். எதுவானாலும் முதலில் அரம் எடுத்து வாய் வைக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்கு: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிக்கு விலக்கு உண்டு. ஆகவே பார்சல் விவரத்தில் ‘மிலிட்டரி’, ‘காம்பாட்’ என்று விற்பவர் பெருமையாக எழுதிவிடாமல், விவசாயக் கருவி என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

வைக்கும்போது கத்தியை அந்தக் கான்வாஸ் உறைக்குள் வைக்காதீர்கள். பழைய கான்வாஸ் காற்றின் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டிவைக்கும். ஒரு மழைக்காலம் போதும், உறையின் நெசவு அலகின்மேல் துருவாகவே பதிந்திருக்கும். அலகுக்கு எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி ஒரு பக்கம், உறையை உலர்த்தி மடிக்காமல் இன்னொரு பக்கம்.